தாம் வகுத்த ஏரியைக் காணாதவர்

குளத்தை நம்பி வாழும் வன்னி மக்களாகிய நாம் நீர்நிலையின் அருமையை நன்கறிவோம். ஒரு தலைநகரின் நடுவே ஏரி ஒன்றை வகுத்து, அது நிறையுமுன்னரே இந்திய மண்ணில் மறைந்த கட்டடக்கலைஞர் ஒருவரின் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வோல்ட்டர் பேர்லி கிரிபின் 1876 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள மேவூட் என்னும் ஊரிற் பிறந்தார். இலினோய் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்று 1899 இல் பட்டம் பெற்றார். பின்னர், புகழ்பெற்ற பிராங் லொயிட் ரைட் என்பாரின் பணிமனையிற் சில ஆண்டுகள் கடமையாற்றினார். அங்கு கூடிய இளைஞர், பிறநாட்டு மாளிகைகளைப் போலச் செய்தலை விடுத்துத் தம் நாட்டுப் பரந்த புல்வெளிக்கு இயைந்த, தாழ்ந்து நீண்ட கூரையுடைய வீடுகளை அமைத்தனர். மரியன் மஹோனி என்னும் அம்மையாரும் அப்பணிமனையிற் பணிபுரிந்தவரே. பெண்கள் இத்துறையை நாடாத அக்காலத்தில், 1894 இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற அவர், வரைபடம் தீட்டுவதில் ஒப்பற்றவர். 1911 இல் இருவரும் மணம் புரிந்தனர்.

அவுஸ்திரேலியாவின் புதிய தலைநகரை அமைக்க உலகளாவிய போட்டி அறிவிக்கப்பட்டது. 137 திட்டங்களுள் கிரிபினின் திட்டமே 1912 இல் முதலிடம் பெற்றது. குன்றுகளைச் சிதைக்காது அவற்றை நோக்கி வீதிகளைச் செலுத்துவதும், மொலொங்லோ ஆற்றை மறித்து ஏரியாக்குவதும் அதன் சிறப்புகளாம். மரியன் துணியில் தீட்டிய ஓவியங்களே அத்திட்டத்துக்கு உயிரூட்டின. பரிசோ கணவர் பெயருக்கே உரியதாயிற்று.

வெற்றியைத் தொடர்ந்து வேதனையும் வந்தது. அலுவலர் பலர் அவருடன் முரண்பட்டனர். போரினாற் பணமும் அருகிற்று. 1920 இல் அவர் கன்பராப் பணியை விட்டு நீங்கினார். ஆயினும் உழைப்பை விட்டாரல்லர். சிட்னியில் மரங்களையும் பாறைகளையும் பேணும் குடியிருப்பை உருவாக்கினார். பிற்காலத்திற் குப்பை எரிக்கும் நிலையங்களையும் கலையழகுடன் அமைத்தார். எத்தொழிலையும் அவர் இழிவாகக் கருதவில்லை.

1935 இல் லக்னோ பல்கலைக்கழக நூலகத்துக்குத் திட்டம் வரைய இந்தியா வந்தார். நாட்டின் வெயிலையும் கலைமரபையும் உளங்கொண்டு, குறுகிய காலத்திற் பல கட்டடங்களுக்குத் திட்டம் தீட்டினார். மரியனும் வந்து தோள்கொடுத்தார். ஆனால் 1937 பெப்ரவரி 11 ஆம் நாள், சத்திரசிகிச்சையின் பின் நேர்ந்த நோயால் லக்னோவிலேயே உயிர்நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மரியன் 1961 இல் சிக்காகோவிற் காலமானார்.

1963 இல் அணையின் கதவுகள் மூடப்பட்டன. மறு ஆண்டு கன்பரா ஏரி நிறைந்தது. அதற்குக் கிரிபினின் பெயரே சூட்டப்பட்டது. நகர் முழுவதையும் காணத்தக்க குன்றின் காட்சித்தளத்துக்கு மரியனின் பெயர் 2013 இலேதான் கிடைத்தது.

மாணவர்களே, பதவி பறிபோகலாம், பாராட்டுப் பிந்தலாம். செம்மையாக வகுத்த திட்டமோ வகுத்தவர் மறைந்த பின்னரும் நின்று பயன் தரும். போரினால் அழிந்த ஊர்களை மீள எழுப்பும் நமக்கு இவ்வுண்மை பெரிதும் வேண்டப்படுவதாகும்.