உழிஞையும் நொச்சியும் சூடிய கான்சாகிபு

மதிலை வளைப்போர் உழிஞை சூடுவர். காப்போர் நொச்சி சூடுவர். புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாக வகுக்கும். ஒருவரே தம் வாழ்நாளில் இரு பூவையும் சூட நேர்ந்தமைக்குத் தமிழக வரலாற்றில் தக்க சான்று, கான்சாகிபு என மக்கள் வழங்கும் முகம்மது யூசுப்கான் ஆவார்.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து, மருதநாயகம் என்னும் பெயருடன் வளர்ந்து, பின்னர் இசுலாம் தழுவியவர் என்பது வழிவழிச் செய்தி. ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்த அவரது புகழுக்கு அடித்தளம் இட்டவை உணவு வண்டிகளே எனலாம். 1753-54ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சியரும் மைசூர்ப் படையினரும் திருச்சிராப்பள்ளியை நெருக்கியபோது, நகருக்குள் உணவு கொண்டுசேர்க்கும் பணியில் அவர் பெரும்பங்கு ஆற்றினார். 1754இல் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார். 1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று பிரெஞ்சியரின் உணவு வரத்தைத் தடுத்து அலைக்கழித்தார். 1759 பிப்ரவரியில் அம்முற்றுகை நீங்கியது.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சிப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. குளங்களைச் செப்பனிட்டார்; மீனாட்சியம்மன் கோயிலின் நிலங்களை மீட்டளித்தார் என்பர். அக்கையே பாளையக்காரரைக் கடுமையாக ஒடுக்கவும் செய்தது. பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை முதலில் அவரைப் பின்வாங்கச் செய்தது. 1761இல் அவரிடம் வீழ்ந்தது.

வரிப்பணம் குறித்து ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியுடன் பகை மூண்டது. கம்பெனி நவாபின் பக்கம் நின்றது. 1763இல் யூசுப்கான் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மதில்களை வளைத்த மான்சனின் படை, மழைக்காலம் தொடங்கவே திரும்பிச் சென்றது. அடுத்த ஆண்டு கேம்பெல் வந்தார். 1764 ஜூன் 26ஆம் நாள் நிகழ்ந்த பெருந்தாக்குதலைக் கோட்டையினர் முறியடித்தனர். பீரங்கியால் ஆகாததைப் பசியிடம் ஒப்படைத்த கேம்பெல், வழிகள் யாவற்றையும் அடைத்தார்.

நாயுடுபுரத்து மக்களாகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மண் சரிந்து மலைப்பாதை அடைபடின், சமவெளி அரிசி வந்து சேரும்வரை நாம் கொள்ளும் கவலை ஓரிரு நாளைக்கே உரியது. மதுரையில் அது மாதக்கணக்கில் நீண்டது. உள்ளிருந்தோர் குதிரையையும் கழுதையையும் உண்ணும் நிலை எய்தினர். கான்சாகிபின் மனைவியும் இளமகனும் அம்மதிலுக்குள்ளேதான் இருந்தனர்.

பட்டினி நம்பிக்கையை அரித்தது. அக்டோபர் 13ஆம் நாள் திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தளபதி மர்ச்சாந்து முதலியோர் கூடித் தம் தலைவரையே பிணித்தனர். தொழுகை வேளையில் என்பது மரபு. 15ஆம் நாள் நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார்.

வளைக்கப்பட்ட நகருக்குச் சோறு கொண்டுசென்று உயர்ந்தவர், சோறு நுழையாத நகரில் வீழ்ந்தார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் அவரைத் தமிழில் வாழ்வித்துள்ளது. மதிலின் வலிமையைக் கல்லால் அளப்போர், உள்ளிருக்கும் களஞ்சியத்தையும் உடனிருப்போர் உள்ளத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.