வெள்ளை அட்டையும் ஜாக் கிர்பியும்

உங்க கையில ஒரு காமிக்ஸ் புத்தகம் கொடுக்கறேன்னு வெச்சுக்கோங்க. அட்டையில மேலே புத்தகத்தோட பேர் இருக்கு. கீழே ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. பிரின்டிங் மிஸ்டேக்னு நினைச்சு திருப்பிக் கொடுத்துடாதீங்க. இதுக்குப் பேரு ஸ்கெட்ச் கவர். வேணும்னே அப்படி அச்சடிப்பாங்க. வழக்கமான பளபள அட்டை கிடையாது. பென்சிலும் இங்க்கும் பிடிக்கிற மாதிரி தடிமனான தாள். அதை ஒரு ஆர்ட்டிஸ்ட்கிட்ட நீட்டினா, அவர் அதுலயே வரைஞ்சு கொடுப்பார். ஆயிரக்கணக்குல அச்சான புத்தகம், அந்த நிமிஷத்துல இருந்து உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு ஆயிடும்.

அடுத்த கட்டம் கிரேடிங். அமெரிக்காவில் 2000-ல ஆரம்பிச்ச சிஜிசி என்ற கம்பெனி, காமிக்ஸ் புத்தகங்களுக்கு 0.5-ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சீல் வெச்சுத் தரும். மூலை மடங்கியிருக்கா, முதுகில கோடு விழுந்திருக்கா, உள்தாள் மஞ்சளா மாறிடுச்சா, இதையெல்லாம் பார்ப்பாங்க. வரைஞ்ச படம் அழகா இருக்கான்னு மார்க் கிடையாது. ஆனா ஒரு விஷயத்துல ரொம்ப கறார். ஆர்ட்டிஸ்ட் வரையும்போது அவங்க ஆள் பக்கத்துல நின்னு பார்த்திருந்தா, அவர் பேரோட மஞ்சள் லேபிள். யாரும் பார்க்கலைன்னா, படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் பொதுவா பச்சை லேபிள்தான்.

அதாவது, இதை வரைஞ்சது இவர்தான்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். இதைப் படிச்சப்போ எனக்கு ஜாக் கிர்பி ஞாபகம்தான் வந்தது. வாழ்நாள் பூரா வரைஞ்சவர். தான் வரைஞ்ச தாளைத் திருப்பி வாங்கவே வருஷக்கணக்கில் போராடினவர்.

கிர்பியின் நிஜப்பேர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். 1917 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் லோயர் ஈஸ்ட் சைட் என்ற நெரிசலான ஏழைப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஆஸ்திரியாவில் இருந்து வந்த யூதர்கள். அப்பா துணி ஃபேக்டரியில் வேலை பார்த்தார். தெருச்சண்டை தினமும் நடக்கிற ஏரியா. கிர்பி வரையக் கத்துக்கிட்டது பெரும்பாலும் தானாகவே. பிராட் என்ற கலைக் கல்லூரியில் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியே வந்துட்டார். அப்புறம் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் பாப்பாய் கார்ட்டூனுக்கு, ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வர்ற படங்களை வரையற வேலை.

1940 கடைசியில், ஜோ சைமன் என்ற நண்பரோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கினார். முதல் இதழ் அட்டையிலேயே ஹீரோ ஹிட்லர் முகத்தில் குத்து விடுவார். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருஷம் இருந்த நேரம் அது! அப்புறம் அவரே போருக்குப் போனார். 1944-ல பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். வரையத் தெரியும்னு தெரிஞ்சதும், முன்னாடி போய் எதிரி இருக்கிற இடத்தைப் பார்த்து மேப் வரைஞ்சு வரச் சொன்னாங்க. வரையத் தெரிஞ்சவனுக்குக் கிடைச்ச பரிசைப் பாருங்க! அந்தக் குளிர்காலத்தில் கால்கள் பனியில் விறைச்சு, வெட்டி எடுக்க வேண்டியிருக்குமோன்னு டாக்டர்கள் யோசிக்கிற அளவுக்குப் போச்சு. நல்லவேளை, கால் தப்பிச்சது.

இப்போ நமக்குத் தெரிஞ்ச கட்டம். 1961-ல ஃபென்டாஸ்டிக் ஃபோர். அதுக்கப்புறம் ஹல்க், தோர், எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ், பிளாக் பாந்தர். எல்லாம் ஸ்டான் லீயும் கிர்பியும் சேர்ந்து மார்வெலுக்காகச் செய்தது. அங்கே வேலை நடந்த விதம் வித்தியாசமானது. முழு ஸ்கிரிப்ட் கிடையாது. கதையைப் பத்திக் கொஞ்சம் பேசிப்பாங்க, சில நேரம் அதுவும் சுருக்கமாத்தான். கிர்பி வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து எந்தப் பக்கத்தில் என்ன நடக்கணும்னு தானே முடிவு பண்ணி மொத்த இதழையும் வரைவார். அதுக்கு அப்புறம்தான் லீ வசனம் எழுதுவார். அப்போ கதை யாருடையது? இந்தக் கேள்விக்கு ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வேற வேற பதில்தான் சொன்னாங்க.

பணத்தில் குழப்பமே இல்ல. பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி, அவ்வளவுதான். பங்கு கிடையாது. ஸ்பைடர்மேன் முதல்முதலா வந்த 1962 இதழின் அட்டையை பென்சிலில் வரைஞ்சது கிர்பி, மேல இங்க் போட்டது ஸ்டீவ் டிட்கோ. அன்னைக்கு அதன் விலை 12 சென்ட். சிஜிசி 9.6 மார்க் போட்ட ஒரு பிரதி, 2021-ல 36 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு.

1970-ல மனக்கசப்போடு மார்வெலை விட்டு டிசிக்குப் போனார். டார்க்சைட் அங்கே உருவாக்கியதுதான். 1975-ல திரும்ப மார்வெல், சில வருஷத்தில் அதையும் விட்டு அனிமேஷன் பக்கம் போயிட்டார்.

அந்தக் காலத்தில் ஒரிஜினல் பக்கங்களுக்கு யாரும் மதிப்பே கொடுக்கல. அச்சாகிற வரைக்கும்தான் தேவை. அப்புறம் குடோனில் கிடக்கும், சிலது யாருக்காவது சும்மா போகும், சிலது திருட்டுப் போகும். 1970களில் கம்பெனிகள் மெல்ல பக்கங்களை ஆர்ட்டிஸ்டுகளுக்குத் திருப்பித் தர ஆரம்பிச்சாங்க. மார்வெலில் மத்தவங்க கையெழுத்துப் போட வேண்டியது ஒரே பக்கத் தாள். ஆனா 1984-ல கிர்பிக்கு மட்டும் நாலு பக்க ஒப்பந்தம் வந்தது. பாத்திரங்கள் மேல உரிமை கேட்கக் கூடாது, படங்களை விக்கக் கூடாது, பொது இடத்தில் காட்டக் கூடாது. இத்தனைக்கும் சம்மதிச்சா கிடைக்கப்போவது 88 பக்கம். அவர் மார்வெலுக்கு வரைஞ்சதோ பத்தாயிரத்துக்கும் மேல.

கிர்பி கையெழுத்துப் போடல. வயசு 67. ஆனா இந்தத் தடவை சாட்சிகள் வந்தாங்க. அவர் படங்களைப் பார்த்து வளர்ந்த ஆர்ட்டிஸ்டுகளும் எழுத்தாளர்களும் சேர்ந்து மனு போட்டாங்க, பத்திரிகைகளில் எழுதினாங்க. 1987-ல மார்வெல் இறங்கி வந்தது. சுருக்கமான தாளில் கையெழுத்து, கையில் சுமார் 2,000 பக்கம். மிச்சம் வரவே இல்ல.

1994 பிப்ரவரி 6 அன்று கலிஃபோர்னியாவில் தன் 76-வது வயசில் இறந்தார். குடும்பம் தொடர்ந்து நடத்திய வழக்கு 2014-ல சமரசத்தில் முடிஞ்சது. அதுக்கு அப்புறம்தான் மார்வெல் காமிக்ஸில் லீ பேரோட கிர்பி பேரும் முறையா வர ஆரம்பிச்சது. அவர் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது.

ஒரே ஒரு நோட்டு மட்டும் இந்தச் சண்டை எதிலும் சிக்கல. தன் மனைவி ராஸுக்காக, தான் உருவாக்கிய ஹீரோக்களையும் வில்லன்களையும் பக்கம் பக்கமா பென்சிலில் வரைஞ்சு கொடுத்த நோட்டு. கம்பெனிக்கு இல்ல, கூலிக்கு இல்ல. வெள்ளைத் தாள், பென்சில், யாருக்காக வரையறோம்னு தெரிஞ்ச ஒரு மனுஷன். ஸ்கெட்ச் கவர்னு கேட்டா எனக்கு இப்போ அந்த நோட்டுதான் ஞாபகம் வருது.

சரி, இதை ஏன் நம்ம இதழில் எழுதறேன்? போன வருஷம் சிம்போசியம் டிஷர்ட் டிசைன் உங்க எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. அதை வரைஞ்சது ஒரு ஜூனியர். மூணு ராத்திரி தூங்காம வரைஞ்சான். போஸ்ட் போட்டது நான். டிசைன் டீம்னு ஒரு வார்த்தையோட முடிச்சுட்டேன். பாராட்டு வந்தப்போ தேங்க்ஸ் சொன்னதும் நான்தான். அவன் எதுவும் கேட்கல. கிர்பி பத்திப் படிச்ச அன்னைக்கு, அந்த போஸ்ட்டைத் தேடிப்பிடிச்சு அவன் பேரைச் சேர்த்தேன். ஒரு வருஷம் லேட். இருபது வருஷத்துக்கு இது பரவாயில்லைன்னு சொல்லிக்க முடியல.

இப்போ பைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதற நேரம். நாலு பேர் டீம்ல யார் சர்க்யூட் போட்டது, யார் கோடு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியும். மஞ்சள் லேபிள் ஒட்ட சிஜிசி ஆள் நம்ம ஹாஸ்டலுக்கு வரப்போறதில்ல. பக்கத்துல இருந்து பார்த்தது நீங்கதான். வைவால கேட்கறதுக்கு முன்னாடியே அந்தப் பேரைச் சொல்லிடுங்க.