வியாழக்கிழமை நீதிபதி – புனித தாமஸ் மூர்



புனித தாமஸ் மூர் என்றதும் அவரது மறைசாட்சியச் சாவுதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சாவுக்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, சாதாரண மக்களின் சிறு வழக்குகளை விசாரிக்கும் நாற்காலியில் அவர் அமர்ந்தார். அவரது பொதுவாழ்வின் அந்தத் தொடக்கத்தை இன்று சற்றுச் சிந்திப்போம்.

1478இல் லண்டனில் பிறந்த மூர், 1496இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். துறவியாகலாமா என்ற ஏக்கத்துடன் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கர்த்தூசியத் துறவியர் அருகில் செப வாழ்வு வாழ்ந்தார். இறுதியில் இல்லறத்தையும் சட்டப் பணியையும் தேர்ந்தெடுத்தார்.

1510இல் லண்டன் மாநகரின் துணை ஷெரீப் ஆனார். ஷெரீப்கள் இருவரும் ஆண்டுதோறும் மாறுவார்கள். சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. எனவே அவர்களுடைய நீதிமன்றத்தில் வழக்குகளைக் கேட்டு முடிவு சொல்ல, சட்டம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். வியாழக்கிழமை காலைகளில் மட்டுமே அந்த மன்றம் கூடும். வழக்காடுவோர் இரு தரப்பாரும் ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும். பலருக்கு மூர் அதையும் தள்ளுபடி செய்தார் என்று அவருடைய நண்பர் எராஸ்மஸ் 1519இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

1515இல் அரசின் தூதுக்குழுவோடு ஃபிளாண்டர்ஸ் சென்றார். அதற்குக் கைம்மாறாக அரசர் ஆண்டுதோறும் ஓய்வூதியம் தர முன்வந்தபோது மூர் அதை ஏற்கவில்லை. மாநகருக்கும் அரசருக்கும் இடையே உரிமைச் சிக்கல் எழுந்தால், அரசரிடம் பணம் பெறுபவரை மக்கள் எப்படி நம்புவார்கள் என்பதே அவரது கவலை. நேர்மையாக நடப்பது மட்டும் போதாது, தன் நேர்மையை மக்கள் சந்தேகிக்க இடமும் தரக்கூடாது என்று அவர் உணர்ந்திருந்தார்.

1516இல் வெளிவந்த 'உட்டோப்பியா' நூலில் தம்மை லண்டனின் குடிமகன், துணை ஷெரீப் என்றே அறிமுகப்படுத்தினார். பசியால் திருடுபவனைத் தூக்கிலிடுவது முறையா என்ற கேள்வி அந்நூலில் எழுகிறது. 1518இல் அப்பதவியை விட்டு அரசரின் ஆலோசகரானார். ஏழைகளின் மனுக்களைக் கேட்கும் பணியும் அவருக்கு வந்தது.

1529இல் நாட்டின் சான்சலர் ஆனபோதும் பழக்கம் மாறவில்லை. பிற்பகல்களில் தம் வீட்டுக் கூடத்தைத் திறந்துவைத்து அமர்ந்தார். யாரும் அச்சமின்றி வந்து முறையிடலாம். எதிர்த்தரப்பை மன்றத்துக்கு அழைக்கும் முன், மனுவைத் தாமே படித்துப் பார்த்தார். சொந்த மருமகனின் வழக்கிலும் சட்டப்படி அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். ஆயினும் அவர் காலத்தில், திருச்சபைப் போதனைக்கு மாறானவர்கள் எனக் கருதப்பட்டோர் சிலர் எரிக்கப்பட்டனர். அதற்கு அவர் ஆதரவாக இருந்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. புனிதர்களும் தம் காலத்து இருளைச் சுமந்தவர்களே.

1532இல் பதவி விலகினார். அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்ததால் 1535 ஜூலை 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் குற்றவாளியாக நின்றார். ரிச்சர்ட் ரிச் என்பவரின் சாட்சியம் அவருக்கு எதிராக அமைந்தது. அது பொய் என்று மூர் மறுத்தார். உடனிருந்த இருவரோ, நாங்கள் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தோம், பேச்சைக் கவனிக்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டனர். பிறர் வழக்குகளைப் பொறுமையாகக் கேட்ட மூருக்கு, அந்த நியாயம் கிடைக்கவில்லை. ஜூலை 6 அன்று தலை வெட்டப்பட்டது. 1935இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 2000இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியலாளர், ஆட்சியாளரின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்புக்குரியவர்களே, அலுவலகத்தில் உடன் பணியாளர் மீதான புகாரை விசாரிக்கும் பொறுப்பு முதன்முறையாக உங்களில் சிலருக்கு வரலாம். பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் குடும்பத்திலும் நாம் எல்லாருமே சிறு நீதிபதிகள்தான். ஒருவருடைய வேலையும் மானமும் நம் ஒரு சொல்லில் தொங்கும் வேளை அது. விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று பரிசேயரிடம் துணிந்து கேட்டார் நிக்கதேம். இரு தரப்பையும் கேட்டோமா? யாரிடமாவது கடன்பட்டவராக அமர்ந்திருக்கிறோமா? உண்மையைக் கண்டும் கவனிக்கவில்லை என்று ஒதுங்குகிறோமா?

பொறுமையாகக் கேட்கும் செவியை இறைவன் நமக்குத் தருவாராக. புனித தாமஸ் மூரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.