கோட் சூட் ஆடிட்டர், ஜெயிலில் எழுதிய இயேசு... ஜே.சி.குமரப்பாவின் கதை தெரியுமா?

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் பழைய ரோட்டில் பஸ் ஏறினால், சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமம் வரும். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் ஆரம்பித்த இடம். கதர், கைத்தொழில் என கிராமம் தன் கையாலேயே பிழைக்கணும் என்பதுதான் அங்கே அடிப்படை. அந்த யோசனையைப் பொருளாதாரமாக எழுதி வைத்தவர், அதே திசையில் மதுரை, திருமங்கலம் எல்லாம் தாண்டி, டி.கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்தார். ஜே.சி.குமரப்பா!

காந்தியப் பொருளாதார நிபுணர் என்று போட்டித் தேர்வுக்குப் படிச்சிருப்பீங்க. அவர் ஜெயிலில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார் என்பது கைடுகளில் வராது.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தார். நல்ல வருமானம், கோட் சூட் வாழ்க்கை. பிறகு அமெரிக்கா போனார். அங்கே ஒரு சர்ச்சில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சு பேப்பரில் வந்தது. அதைப் பார்த்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மேன், இதையே ஆராய்ச்சி செய்யச் சொன்னார். கணக்கைத் தோண்டத் தோண்ட, பிரிட்டிஷ் ஆட்சியின் வரியும் செலவும் நம்ம நாட்டை எப்படி உறிஞ்சின என்பது அவருக்கே தெரிய வந்தது. ஆடிட்டர் ஆச்சே, கணக்கு தப்பா இருந்தா விடுவாரா?

அந்த ஆய்வைப் பதிப்பிக்கும் விஷயமாகத்தான் 1929 மே 9-ம் தேதி சபர்மதிக்குப் போனார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றி நின்று குமரப்பா வேடிக்கை பார்த்தார். அவர்தான் காந்தி என்று புரிந்ததும், போட்டிருந்த உயர்ந்த உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குமரப்பா என்ற குடும்பத்தின் பழைய பெயருக்கு அவர் திரும்பியதும் அந்தக் காலத்தில்தான்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஆட்சி செய்வது கிறிஸ்தவ நாடு. இவரும் கிறிஸ்தவர். 1930-ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது, அகிம்சைப் போராட்டத்தின் பக்கம் நிற்கும்படி கிறிஸ்தவத் தலைவர்களைக் கேட்டார். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்குப் பொருந்தாது என்றார் கல்கத்தா பிஷப் வெஸ்ட்காட். குமரப்பா அடங்கவில்லை. இயேசு நடந்த வழியே அதுதான் என்று பதில் எழுதினார். சொந்த சபையின் பெரியவரையே எதிர்த்து எழுதுவது சாதாரண விஷயம் இல்லைங்க. 'யங் இந்தியா'வில் எழுதியதற்காக ஜெயிலுக்கும் போனார்.

ஆளு எப்படிப்பட்டவர் என்று புரிய ஒரு சம்பவம் போதும். 1934 பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூணு அணா என்று வரம்பு போட்டார். காந்தி தன் ஆட்களோடு வந்தபோது, அவர்களின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்திக்கே நோ! ஏழைக்கு வந்த பணம் ஏழைக்கு, அவ்வளவுதான்.

1942 போராட்டத்துக்குப் பிறகு மறுபடியும் சிறை. ஜபல்பூர் ஜெயிலில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று, இன்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கொண்டாடும் நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இன்னொன்று, இயேசுவின் நடைமுறையும் போதனைகளும் பற்றியது. இந்த வரிசையைக் கவனிங்க. போதனை இரண்டாவதுதான், முதலில் நடைமுறை! இயேசு என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், எப்படி வாழ்ந்தார் என்று பார்க்கிறார். கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோக ஒரு உருவமாக அல்ல, பின்பற்றி நடக்க வேண்டிய ஒரு வாழ்க்கையாகவே இயேசுவை அவர் படித்தார். சபைகளின் ஆடம்பரத்தையும் சடங்குகளையும் விட்டுவைக்கவில்லை. ஆடிட்டர் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை ரசீதோடு ஒப்பிடுவது போல, கிறிஸ்தவர்களின் வாழ்க்கையை இயேசுவின் வாழ்க்கையோடு அவர் ஒப்பிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தணிக்கையில் தன்னையும் சேர்த்துக்கொண்டதால்தான் அவர் கோபம் நமக்கு எரிச்சலாகத் தெரிவதில்லை.

காந்தி முன்னுரை எழுதினார். எந்த மதத்துக்காரரும் படிக்கலாம் என்று சிபாரிசு செய்தார். கூடவே விளையாட்டாக இரண்டு டாக்டர் பட்டங்களும் கொடுத்தார். ஒன்று இறையியலுக்கு, இன்னொன்று கிராமத் தொழிலுக்கு. குமரப்பாவுக்கு அந்த இரண்டும் வேறு வேறு சப்ஜெக்ட் இல்லை. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கையால் செய்த காகிதம் என்று அவர் அலைந்ததெல்லாம் அதே நம்பிக்கையின் இன்னொரு பக்கம்தான்.

1950-களில் ரத்த அழுத்தம் படுத்தியது. டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து, சின்ன வீட்டில் தங்கினார். அங்கே காந்தி படத்தோடு ஒரு ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்ததாம். காந்தி தன் எஜமானர், இவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்று பார்க்க வருபவர்களிடம் விளக்குவாராம்.

1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தியின் நினைவு நாளிலேயே, சென்னை அரசு மருத்துவமனையில் குமரப்பா இறந்தார்.