பேராசிரியர் ஆல்பர்ட் ஆடம்கியேவிச்

இம் மலரில் பெரும்பாலும் சமயப் பெரியாரின் சரிதைகளே இடம்பெறுவன. அவற்றினிடையே பிறநாட்டு வைத்தியர் ஒருவரின் வாழ்வை யாம் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. மலைச்சரிவில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தால் கால்கள் வழங்காமற் போகும் என்பதைத் தோட்டத்தில் வாழும் நாம் அறிவோம். எலும்பில் ஒரு கீறலுமின்றி, இரத்தம் தடைப்படுவதாலேயே அந் நிலை வரலாம் என்பதைப் பலர் அறியார். அதனை விளங்கிக்கொள்ள வழிகாட்டியவர் ஆடம்கியேவிச்.

1850ஆம் ஆண்டில், அன்று பிரஷ்ய ஆட்சியிலிருந்த போலந்துப் பகுதியிலே அவர் பிறந்தார். 1879இல் கிராக்கோ நகரின் யாகெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் நோயியற் பேராசிரியரானார். அங்கே, இறந்தோர் உடலின் நுண்ணிய நாடிகளுள் நிறத் திரவத்தைச் செலுத்தி, முண்ணாணுக்கு இரத்தம் செல்லும் வழிகளைப் பொறுமையோடு ஆராய்ந்தார். 1881, 1882ஆம் ஆண்டுகளில் அவை வியன்னா விஞ்ஞானக் கழக வெளியீட்டில் வந்தன.

முண்ணாணின் முன்புறம் ஒரு நாடியும் பின்புறம் இரண்டும் நெடுக ஓடுகின்றன. லயங்களுக்கு நீர் கொண்டுவரும் நீண்ட குழாயை நினைத்துக்கொள்வோம். மேலிருந்து வரும் நீர் கடைசி லயம்வரை போதாது. இடையிலே ஓடைகளிலிருந்து பீலி வைத்துச் சேர்க்கவேண்டும். முண்ணாணின் கீழ்ப்பகுதிக்கு அத்தகைய பெரும் பீலி ஒன்றே. பெரும்பாலும் இடப்புறமாக, மார்பின் கீழ்ப்பகுதியில், பெருநாடியின் கிளையொன்றிலிருந்து அது வருகின்றது. அந் நாடிக்கே அவர் பெயர் வழங்குகின்றது.

இத்துணை நிதானமாகப் பார்த்த கண், புற்றுநோயில் வழி தவறிற்று. அந் நோய் ஒட்டுண்ணியால் வருவதென்றும், தாம் ஆக்கிய கான்குரோயின் என்னும் மருந்து அதைத் தீர்க்குமென்றும் 1890களில் அவர் வாதாடினார். பிறர் சோதித்தபோது பயன் காணப்படவில்லை. நம்பி வந்த நோயாளரை எண்ணும்போது, இதனை மறைத்துச் சரிதம் எழுத எமக்கு மனம் வரவில்லை. கிராக்கோவை விட்டு வியன்னா சென்ற அவர் 1921இல் அங்கேயே மறைந்தார்.

நாடியின் அருமை பின்னரே உலகுக்குத் தெரிந்தது. 1953இல் அமெரிக்க வைத்தியர்கள் டெபேக்கியும் கூலியும் மார்புப் பெருநாடியின் வீக்கத்தை அறுத்தகற்றி வேறு நாடி பொருத்தினர். அத்தகைய சத்திரசிகிச்சையில் பெருநாடியை இடுக்கியாற் பிடிக்கும்போது பீலியும் அடைபடுகின்றது. உயிர் தப்பியும் கால் அசையாமற் கண்விழித்தோர் பலர். மார்பும் வயிறும் தழுவிய பெருநாடிச் சிகிச்சை பெற்ற 1509 பேருள் 234 பேர் கால்வலுவை முற்றாகவோ பகுதியாகவோ இழந்தனர் என 1993இல் வெளியான கணக்கொன்று கூறிற்று.

அந் நாடி ஒன்றே முண்ணாணைக் காப்பதன்று, சிறு கிளைகளின் வலையும் துணைநிற்கின்றது என்பது இன்றைய தெளிவு. ஆதலால் முண்ணாணைச் சூழ்ந்த நீரைச் சிறிது வடித்து அமுக்கத்தைக் குறைக்கின்றனர். இரத்த அழுத்தத்தைத் தாழவிடாது காக்கின்றனர். வேண்டிய கிளைகளை மீளத் தைக்கின்றனர். கத்தி எடுக்குமுன்னரே கதிர்ப்படத்தில் அந் நாடியைத் தேடுவோரும் உளர். நம் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுபோல அது மேலேறித் திரும்புவது, அதனை அடையாளங்காண உதவுகின்றது.