செம்பியன் மாதேவியார் செய்த கற்றளித் திருப்பணி

பழுதுற்ற திருக்கோயிலைப் புதுக்கி எழுப்ப முற்படுவோர் எவர்க்கும் இரண்டு கவலைகள் உண்டு. மூலவரைப் பாலாலயத்தில் எழுந்தருளுவித்துப் பணி முடியுமளவும் பூசனை குறைவுறாமற் காக்க வேண்டும் என்பது ஒன்று. முன்னோர் அளித்த நிலமும் பொன்னும் விளக்கும் எழுதப்பெற்ற பழங்கற்கள், சுவர் பிரிக்குங்கால் சிதைந்து மறைந்துவிடாமற் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆகமமே வழி கூறியிருக்கின்றது. இரண்டாவதற்கு வழி காட்டியவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் சோழர் குடியில் வாழ்ந்த செம்பியன் மாதேவியார் என்னும் அரசியார் ஆவர்.

இவ்வம்மையார் மழவரையர் என்னும் குறுநிலத் தலைவரின் திருமகளாராகத் தோன்றினார். முதற் பராந்தக சோழரின் மைந்தரான கண்டராதித்தரை மணந்து சோழர் அரண்மனை புகுந்தார். கணவரோ, முடிசூடிய மன்னராயினும் உள்ளத்தால் அடியாராக விளங்கியவர். தில்லைக் கூத்தப்பெருமானை அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் இன்றும் ஓதப்பெறுகின்றது. இத்தகையாரோடு இல்லறம் நடத்திய அம்மையார்க்குச் சிவத்தொண்டில் நாட்டம் மிக்கது வியப்பன்று.

கிடைத்துள்ள கல்வெட்டுக்களுள் அம்மையாரை முதன்முதற் குறிப்பது, திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் உள்ளது. பராந்தகரின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது 941-ல், ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு அவர் அறக்கட்டளை வைத்த செய்தியை அது கூறும். ஒரு விளக்குத்தானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. அக்காலத்தில் நந்தாவிளக்கு ஒன்று இரவும் பகலும் அவியாது எரிதற்குப் பெரும்பாலும் தொண்ணூறு ஆடுகளை விட்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்துவர இடையரிடம் ஒப்புவிப்பது வழக்கம். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வைத்து எண்ணிக்கையை என்றும் நிரப்பி வருவராதலின், அவ்வாடுகள் சாவாதன, மூவாதன என்று கல்லில் எழுதினர். கொடுத்தவர் மறைந்தபின்னும் கொடை நிற்கவேண்டும் என்பதற்கு அந்நாளையோர் கண்ட உபாயம் இது. அம்மையாரின் நீண்ட தொண்டு ஒரு சிறு சுடரினின்றே தொடங்கிற்று.

949-ல் தக்கோலப் போரில் பட்டத்து இளவரசர் இராசாதித்தர் யானைமேல் துஞ்சினார். சோழப் பேரரசு குலைந்து சுருங்கிய அந்நாளில் கண்டராதித்தர் அரசு கட்டிலேறினார். நெடுங்காலம் ஆண்டாரல்லர்; 957-ஐ ஒட்டி அவர் காலம் முடிவுற்றது. கல்வெட்டுக்கள் அவரை மேற்கெழுந்தருளின தேவர் என்னும் பொருள்படக் குறிக்கின்றன. அதன் உட்பொருள் யாதென்பதில் அறிஞர் ஒத்த கருத்துடையரல்லர். அம்மையாரிடம் எஞ்சியவர் ஓர் இளமகனே. அரசுரிமை கணவரின் தம்பி அரிஞ்சயர்க்கும், பின்னர் அவர் மைந்தர் சுந்தர சோழர்க்கும் சென்றது.

கைம்மை நோன்பு பூண்ட அரசமாதேவி அந்தப்புரத்தின் ஒரு மூலையில் அடங்கியிருந்தால் உலகம் குறை கூறியிராது. அம்மையார் அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகட்கு மேல் வாழ்ந்தார். அவ்வாண்டுகளே அவர் பெயரை நிலைநிறுத்தின. சுந்தர சோழர்க்குப்பின், ஏறக்குறைய 970-ல், அம்மையாரின் மைந்தர் உத்தம சோழர் அரியணை ஏறினார். சுந்தர சோழரின் மூத்த மைந்தர் ஆதித்த கரிகாலர் வஞ்சனையாற் கொல்லப்பட்டது இக்காலத்தை ஒட்டியே நிகழ்ந்தது. இளையவரான அருண்மொழிவர்மர், தம் சிற்றப்பர்க்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை தாம் அதனை மனத்தாலும் விழையவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தோர்க்கு இம்மாந்தர் யாவரும் நன்கு பழகியவரே. ஆனால் புதினத்திற் காணும் அம்மையின் மனப்போராட்டமும் மகனோடு கொண்ட பிணக்கும் கதையாசிரியரின் கற்பனைக்கு உரியன. கல்வெட்டுக்கள் காட்டும் உத்தம சோழர், அன்னையின் திருப்பணிக்குத் தடை நின்றவரல்லர். உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்றே அம்மையார் தம்மைப் பல இடங்களிற் பெருமையோடு குறிப்பித்துக்கொண்டார்.

மகன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளில் திருப்பணி விரைந்து நடந்தது. அந்நாளில் காவிரிக் கரைகளில் இருந்த பாடல்பெற்ற தலங்கள் பலவும் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் ஆனவை. மழையும் வெள்ளமும் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன. சோழ வளநாட்டின் உள்நிலத்தில் வண்டலன்றிக் கல் ஏது? கருங்கல் ஒவ்வொன்றும் தொலைவிலிருந்து வருவிக்கப்படவேண்டும். இவ்வருமையை நினைந்தால்தான் ஒரு கோயிலன்று, பல கோயில்களைக் கற்றளிகளாக்கிய அம்மையாரின் உறுதி விளங்கும். தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, திருமணஞ்சேரி, திருக்கோடிகாவல், ஆனாங்கூர், ஆரூர் அரநெறி என அவ்வரிசை நீள்கின்றது. திருமுதுகுன்றத்துக் கற்றளி 981-ஐ ஒட்டி எழுந்தது.

இவற்றுள் திருநல்லம் தனிச் சிறப்புடையது; இஞ்ஞான்று கோனேரிராசபுரம் எனப்பெறுவது. ஆங்கே அம்மையார் எழுப்பிய கற்றளி தம் பெயரால் அன்று, மறைந்த கணவர் கண்டராதித்தர் பெயரால் எழுந்தது. அதன் சுவரில், கண்டராதித்தர் அமர்ந்து சிவலிங்கத்தை வழிபடுவதாக ஒரு புடைப்புச் சிற்பம் உளது. அதன் அடியில் இக்கோயிலை எடுப்பித்தவர் யார், வழிபடுவார் யார் என்னும் விவரம் பொறிக்கப்பெற்றுள்ளது. கோயிலைக் கண்ணுங் கருத்துமாய் நின்று செய்வித்தவரையும் அம்மையார் மறந்தாரல்லர். ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பவர் அவர். அரசரணசேகரன் என்னும் பெயரும் உடையவர். இராசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டம் பெற்ற அவர் பெயரும் அதே கோயிற் கல்லில் நிற்கின்றது. பொருள் கொடுத்தார் பெயரே கல்லில் ஏறும். உழைத்தார் பெயர் ஏறுவது அரிது. பெருங்கோயில்கள் பலவற்றை வகுத்தவர் யாவர் என நாம் அறியாதிருக்க, திருநல்லத்தாரை அறிகின்றோம்.

இனித் திருக்கோடிகாவலுக்கு வருவோம். காவிரியின் வடகரையில் உள்ள அத்தலத்துப் பழைய கோயிலை அம்மையார் கற்றளியாக்கத் தொடங்கியபொழுது, அங்கிருந்த பழங்கற்களில் பல்லவ மன்னர் காலத்தனவும் பாண்டிய மன்னர் காலத்தனவுமாகிய கொடைகள் எழுதியிருந்தன. சோழர்க்குப் பல்லவரும் பாண்டியரும் பகைவர். அவர் நாளில் வைத்த கட்டளைகளை மறைத்துவிட்டாற் கேட்பார் யாருமிலர். புதுச்சுவர் முழுவதும் சோழர் புகழையே எழுதியிருக்கலாம். அம்மையார் அங்ஙனம் செய்யவில்லை. பழங்கற்களிற் கண்டவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படியெடுத்துப் புதிய கற்சுவரில் வெட்டச் செய்தார். இருபதுக்கு மேற்பட்ட பழஞ்சாசனங்கள் இவ்வாறு மறுபிறவி எடுத்தன. இது பழைய கல்லின்படி எழுதியது என்னும் குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது, பின்வருவார் மூலத்தையும் படியையும் மயங்காதிருக்கும்பொருட்டு. யாரோ ஒரு குடிமகன் என்றோ வைத்த விளக்கு, வம்சம் மாறியும் அரசு மாறியும் கோயிலே மாறியும் கணக்கில் நின்றது. வரலாற்று ஆசிரியர்க்கு இஃது ஒரு புதையல். கட்டளை வைத்த குடும்பங்களுக்கோ, தம் முன்னோரைத் திரும்பப் பெற்றதற்கு ஒப்பாகும்.

அம்மையாரின் கோயில்களை வலம்வருவோர், கருவறைச் சுற்றுச்சுவரின் தேவகோட்டங்களில் முன்னைக் கோயில்களினும் மிகுதியான திருமேனிகளைக் காண்பர். கணபதி, அகத்தியர், தென்முகக் கடவுள், இலிங்கோற்பவர், அயன், கொற்றவை என்னும் திருமேனிகளோடு ஆடல்வல்லான் திருவுருவையும் தென்சுவரிற் கல்லில் அமைப்பித்தமை குறிப்பிடத்தக்கது. கணவர் பாடிய கூத்தனை மனைவியார் ஊர்தோறும் எழுந்தருளுவித்தார். அக்காலத்துச் செப்புத் திருமேனிகளின் அழகோ சொல்லுந்தரத்ததன்று. அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரின் பிரீயர் கலைக்கூடம் 1929-ல் பெற்ற செப்புப் படிமம் ஒன்று அம்மையாரின் உருவமே என்று அறிஞர் சிலர் கருதுவர்.

985-ல் உத்தம சோழர் மறைந்தார். மகன் போனபின் திருப்பணியும் நின்றதோ எனின், இல்லை. முடிசூடிய முதலாம் இராசராசர் அம்மையாரைத் தாய்வழியாகவே போற்றினார். இராசராசரும் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் அம்மையாரின் நிழலில் வளர்ந்து சிவபத்தி பெற்றனர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் கருத்து. திருவக்கரையில் அம்மையார் கற்றளி எடுப்பித்த செய்தி இராசராசரின் பதினாறாம் ஆட்சியாண்டில், 1001-ல், காணப்பெறுகின்றது. உய்யக்கொண்டான் திருமலையில் விளக்கேற்றிய நாள் தொட்டு அறுபது ஆண்டுகள்; பராந்தகர் முதல் இராசராசர் வரை ஆறு மன்னர் ஆட்சிகள். அதன்பின் அம்மையார் உயிரோடிருந்ததாகக் காட்டும் கல்வெட்டு அறியப்பட்டிலது.

நாகப்பட்டினத்தை அடுத்து அம்மையார் பெயராலேயே செம்பியன் மாதேவி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கயிலாயநாதர் கோயில் அவர் எடுப்பித்தது. உத்தம சோழரின் தேவியர் சிலர், மாமியார் பிறந்த சித்திரைத் திங்கள் கேட்டை நாளில் சிறப்பு வழிபாடும் அந்தணர்க்கு உணவும் நடத்த அங்கே நிவந்தம் வைத்தனர். மருமக்கள் மாமியார்க்குப் பிறந்தநாள் எடுத்த செய்தி கல்லில் ஏறியிருப்பது நாட்டு வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று. முதலாம் இராசேந்திரர் 1019-ல் அக்கோயிலில் அம்மையாரின் திருவுருவம் ஒன்றை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கு வேண்டும் நிவந்தங்களையும் அளித்தார்.