தாளிப்பனையை வரைந்த ஓவியர்

பழைய இலங்கையின் வரலாற்றை நூல்களிற் படிக்கிறோம். அதன் தோற்றத்தைக் கண்ணாற் காண விழைவார்க்குத் துணைபுரிவோருள் ஒருவர் சாமுவேல் டானியல் என்னும் ஆங்கில ஓவியர்.

இவர் 1775ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தார். இவருடைய தந்தையாரின் உடன்பிறந்தாரான தோமஸ் டானியலும் தமையனாரான வில்லியமும் இந்தியாவிற் பல்லாண்டு சுற்றி, தஞ்சை, மதுரை, மாமல்லபுரம் முதலிய தலங்களை வரைந்து புகழ் பெற்றவர்கள். சாமுவேலோ முதலில் தென்னாபிரிக்கா சென்றார். 1801இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து உள்நாடு நோக்கிப் புறப்பட்ட குழுவில் ஓவியராகச் சேர்ந்து, அந்நாட்டு மக்களையும் விலங்குகளையும் வரைந்தார்.

பின்னர் இலங்கைக்கு வந்தார். அக்காலத்திற் கரையோரம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. கண்டி தன்னரசாய் விளங்கியது. தேசாதிபதி மெயிற்லன்ட் இவரை வனக்காவலராக நியமித்தார். அப்பதவி இவரைக் காடுதோறும் கொண்டு சென்றது. உத்தியோகத்துக்காக நடந்த கால்களோடு ஓவியரின் கண்ணும் உடன் நடந்தது.

1808இல் இவருடைய இலங்கை ஓவியங்கள் பன்னிரண்டு இலண்டனில் நூலாக வெளிவந்தன. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, மையூட்டி அச்சிடும் முறையில் அமைந்தவை அவை. திருகோணமலைத் துறைமுகமும் தாளிப்பனையும் அவற்றுள் இடம்பெற்றன. தாளிப்பனை சிங்கள மக்களுக்கு ஏடும் குடையும் தந்த மரம். வாழ்நாளில் ஒரேயொரு முறை பூத்து, காய்த்து, பட்டுப்போவது. இலங்கையைப்பற்றி இவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலும் அது ஒன்றே. 1811 டிசம்பரில், நாற்பது வயதும் நிரம்பாத நிலையில், இந்நாட்டிலேயே காய்ச்சலால் இறந்தார். அவர் விட்டுச் சென்ற தென்னாபிரிக்கச் சித்திரங்களைத் தமையனார் செதுக்கி 1820இல் வெளியிட்டார்.

இவரைப்பற்றி வகுப்பிற் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "நம்மை ஆண்டவரின் உத்தியோகத்தரை நாம் ஏன் போற்றவேண்டும், ஐயா?" என்று வினவினான். நல்ல வினா. ஆள வந்தோர் காட்டை மரமாகவும் வருவாயாகவும் எண்ணினர் என்பது மெய். அவர்களிடம் இவர் சம்பளம் பெற்றார் என்பதும் மெய். அவற்றை மறைத்துப் போற்றுதல் தகாது. ஆயினும் ஒரு மரத்தின் முன் நின்று, அதன் மடலையும் குலையையும் உள்ளவாறு நோக்கிய பொறுமை எந்த அரசுக்கும் உரியதன்று, அது கற்கத்தக்கது.

அம்மாணவனிடம் ஒரு வேலை தந்தேன். வெள்ளவத்தைக் கடற்கரையை இன்றுள்ளபடி வரைந்து வருமாறு கூறினேன். நாமே வரையாவிடின், நாளை நம் ஊரைக் காணவும் பிறர் ஏட்டையே புரட்டவேண்டி வரும்.